1962 கால்நடை ஆம்புலன்ஸ்: தயங்காமல் கூப்பிடலாம்

ஜெர்சிப் பசுவுக்கு மூக்கின் உள்பக்கம் ரத்தச் சிவப்பாகி, கெட்டியாகச் சளி ஒழுகி, தீவனத்தைத் தொடவே இல்லை என்றதும் 1962-க்கு போன் போட்டோம், கட்டணமில்லாத எண்தான், வண்டி தொழுவத்துக்கே வந்துவிட்டது. டாக்டரம்மா எடுத்த எடுப்பில் ஊசி போடவில்லை. காய்ச்சல் பார்த்து, டார்ச் அடித்து மூக்கைப் பார்த்து, மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் ஐபிஆர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம் என்று ரத்தமும் சளியும் எடுத்துக்கொண்டார். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் எல்லாம் கூடவே வரும் நிமோனியாவுக்குத்தான் என்று ஒளிக்காமல் சொன்னது ரொம்பப் பிடித்தது. குணமானாலும் கிருமி உடம்பிலேயே தங்கி, கன்று ஈனும்போதோ வண்டியில் ஏற்றி அலைக்கழிக்கும்போதோ மறுபடி கிளம்புமாம். சினை மாட்டுக்குத் தொற்றினால் கரு கலைந்து கன்று வீசிவிடும் என்று, அவற்றை அப்போதே தள்ளிக் கட்டவைத்த பிறகுதான் கிளம்பினார். மாடு வைத்திருப்பவர்கள் நம்பரை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.