‘தான்’ போட்டுப் பேசும் நமக்கு ஏற்ற ஆங்கில வகுப்பு: பாதி அருமை, பாதி ஏமாற்றம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஒன்பது வருஷமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக இருக்கிறேன். நாள் முழுக்க சரக்கு வாங்கும் பையர்களோடு மெயில்தான். பிழையில்லாமல் எழுத வரும், ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் கேப்பிட்டல் எழுத்தில் அடிப்பதும் ‘வெரி வெரி’ சேர்ப்பதும் தவிர வேறு வழி தெரியாது. அதற்காகவே ஆன்லைனில் ஓர் அட்வான்ஸ்டு ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரம், சனி ஞாயிறு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், கட்டணம் 6,500 ரூபாய். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதல் நான்கு வாரம் எம்ஃபசிஸ், அதாவது அழுத்திச் சொல்வது. கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. டீச்சர் எடுத்த எடுப்பிலேயே தமிழில்தான் ஆரம்பித்தார். ‘கண்ணாடியை ரவி உடைத்தான்’, ‘ரவிதான் உடைத்தான்’, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நாம் ஒரு ‘தான்’ ஒட்டினால் போதும், ஓர் ‘ஏ’ போதும். நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருளில் தேற்றமும், அதாவது உறுதியாகச் சொல்வதும் ஒன்று என்பதை நினைவூட்டினார். ஆங்கிலத்தில் ஒட்ட அப்படி ஒன்று இல்லை. பேசும்போது ரவி என்ற இடத்தில் குரலை ஏற்றலாம், எழுத்தில் குரல் ஏது? அதனால் வாக்கியத்தையே இரண்டாகப் பிளந்து ‘இட் வாஸ் ரவி ஹூ ப்ரோக் த மிரர்’ என்கிறார்கள். இதற்கு க்ளெஃப்ட் வாக்கியம் என்று பெயர், க்ளெஃப்ட் என்றாலே பிளந்தது என்றுதான் அர்த்தமாம். ‘உடைத்தது ரவிதான்’ என்று நாமும் அதையே செய்கிறோம் என்று காட்டியதும் அது பசுமரத்தாணி போலப் பதிந்துவிட்டது.

மூன்றாவது வாரமே அது கைகொடுத்தது. ஒரு ஷிப்மென்ட் தாமதமாகி, விமானத்தில் அனுப்பும் செலவை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். உண்மையில் தாமதம் பண்ணியது பையரே நியமித்த ஜிப் சப்ளையர். முன்பானால் நீளமாக ஒரு பத்தி விளக்கம் எழுதியிருப்பேன். இந்த முறை ‘இட் வாஸ் யுவர் நாமினேட்டடு ஜிப் சப்ளையர் தட் டெலிவர்டு லேட்’ என்று ஒரே வரி. சாம்பிள் வரவேயில்லை என்றதற்கு ‘வீ டிட் செண்ட் இட்’, கூடவே கூரியர் ரசீது. அந்த ‘டிட்’ நம்ம ‘அனுப்பத்தான் செய்தோம்’ மாதிரியே ஒலிக்கிறது. அன்றைக்கே பையர் ஜிப் சப்ளையரையும் மெயிலில் சேர்த்து விளக்கம் கேட்டார்.

இன்வர்ஷனையும், அதாவது கேள்வியில் வருவதுபோல ‘டிட்’, ‘ஹேவ்’ போன்றவற்றை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவருவதையும், நன்றாக நடத்தினார். ‘ஒன்லி ஆஃப்டர் த அப்ரூவல் டிட் வீ ஸ்டார்ட் கட்டிங்’ என்பதில் ‘டிட்’ வந்துவிட்டதால் ‘ஸ்டார்ட்டடு’ வரக்கூடாது. வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுந்த இடம் இது. ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் ‘தேன்’ வர வேண்டும், ‘ஹார்ட்லி’ என்று தொடங்கினால் ‘வென்’. ஒரு மெயிலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், சாதாரணப் பேச்சில் ‘நெவர் ஹேவ் ஐ’ என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும் என்றும் எச்சரித்தார்.

அப்புறம் உவமை. இங்கேதான் மனசு விட்டுப்போனது. வேறு டீச்சர் வந்தார், நூறு உவமை உள்ள ஒரு பிடிஎஃப்பை அனுப்பினார், வரிசையாக வாசித்தார். ‘ஆஸ் கூல் ஆஸ் எ குக்கும்பர்’, ‘ஆஸ் ப்ளைண்ட் ஆஸ் எ பேட்’. பலதும் அடித்து அடித்துத் தேய்ந்துபோனவை. எது பேச்சுக்கு, எது எழுத்துக்கு, எதை இன்னும் உண்மையாகவே சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பையருக்கு எழுதும் மெயிலில் வெள்ளரிக்காயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இத்தனைக்கும் எங்கள் தொழிலிலேயே உவமை கொட்டிக் கிடக்கிறது. துணியின் மேற்பரப்பை லேசாக உரசி மென்மையாக்கினால் அதற்குப் பீச் ஃபினிஷ் என்று பெயர், பீச் பழத்தின் தோல் மாதிரி இருப்பதால். ஒருமுறை ஒரு பையர் சாம்பிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘இட் ஃபீல்ஸ் லைக் கார்ட்போர்டு’ என்று எழுதினார். அட்டை மாதிரி இருக்கிறதாம். அந்த ஒரு வரியிலேயே என்ன கோளாறு என்று புரிந்துபோய் சாஃப்ட்னர் வாஷுக்கு மறுபடி அனுப்பினோம். இப்படித் தொட்டதும் தெரியும்படி நாமே ஓர் உவமையைச் சொல்வது எப்படி என்பதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

‘லைக்’, ‘ஆஸ்’ வித்தியாசத்தை இரண்டே நிமிஷத்தில் தாண்டிப் போனது இன்னும் பெரிய குறை. ‘ஐ வொர்க் ஆஸ் எ மெர்ச்சண்டைசர்’ என்றால் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். ‘லைக்’ போட்டால் மெர்ச்சண்டைசர் மாதிரி, அதாவது நான் மெர்ச்சண்டைசரே இல்லை. ‘ஆக’வும் ‘போல’வும் தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன, நன்னூலிலேயே போல, புரைய என்று பன்னிரண்டு உவம உருபுகள் இருக்கின்றன. முதல் டீச்சர் கையில் இது கிடைத்திருந்தால் எப்படி நடத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வீட்டுப்பாடத்தைத் திருத்தி வாய்ஸ் மெசேஜில் விளக்கியது நல்ல பழக்கம், ஆனால் கடைசி இரண்டு வாரம் அதுவும் வரவில்லை. எம்ஃபசிஸ் பகுதியை மட்டும் தனியாக 3,000 ரூபாய்க்குத் தருவதாக இப்போது சொல்கிறார்கள். அதில் தாராளமாகச் சேருங்கள், பணம் கட்டும் முன் அந்த முதல் டீச்சர்தான் நடத்துகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.