கடற்கரை விடுதியில் ஐந்து நாள்கள்

வெப்பமண்டலக் கடற்கரை விடுதி ஒன்றில் ஐந்து நாள்கள் தங்கினோம்; அறையும் உணவும் நிறைவாகவே இருந்தன. முதல் நாள் மேகமூட்டத்தை நம்பிச் சன்ஸ்கிரீன் பூசாமல் நீந்தியது எங்கள் பிழை. மேகத்தையும் ஊடுருவும் புற ஊதாக் கதிர்கள் மாலைக்குள் தோள்களைப் புண்ணாக்கிவிட்டன. எஸ்.பி.எஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்க 15 நிமிடங்களுக்கு முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறியதும் மீண்டும் பூச வேண்டும்.

விடுதியின் பெருங்குறை, கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தைப் பற்றி ஊழியர் ஒருவரும் எச்சரிக்காததே. அதில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடிக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்திலிருந்து விலகிய பிறகே திரும்ப வேண்டும் என்பதைக் கடற்கரையிலிருந்த உயிர்காப்பாளர் சொல்லித்தான் அறிந்தோம். முன்பதிவு செய்யும்போதே உயிர்காப்பாளர்களின் பணி நேரத்தையும், அவ்வூரின் மழைக்காலத்தையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.