முழங்கால் வலிக்கு வீடியோ பிசியோ: தண்டையார்பேட்டை வீட்டில் அமைத்துக் கொடுக்க

மூன்று வார லீவில் ஊருக்கு வந்து, அம்மா அப்பாவின் பழைய மூட்டு வலிக்கு வீடியோ பிசியோதெரபி ஏற்பாடு செய்துவிட்டுப் போக நினைப்பவர்கள், முதல் வாரத்தை ஆப் தேடுவதில் தொலைக்க வேண்டாம். முதலில் நேரில் ஒருமுறை காட்ட வேண்டும். மூட்டை மடக்கி நீட்டிப் பார்ப்பது, எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது, தொடைத் தசையின் பலத்தைக் கையால் தடுத்துப் பார்ப்பது எல்லாம் திரை வழியாக ஆகாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் தெருவுக்குள்ளேயே சின்ன பிசியோ கிளினிக்குகள் உண்டு. நேரில் பார்த்தவரே பிறகு வீடியோவில் தொடர்வாரா என்று அப்போதே கேட்டுவிடலாம். வலி குறைய மெஷினில் லேசாகக் கரண்ட் வைத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்பவரை விட்டுவிட்டு, பயிற்சி சொல்லிக்கொடுப்பவராகப் பாருங்கள். கரண்ட் தரும் சுகம் சில மணி நேரத்தில் போய்விடும். தேய்மான மூட்டைத் தாங்குவது தொடைத் தசைதான்.

வாரம் மூன்று நாள் மாடிப்படி இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கிப் போய்வருவதே சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். வடசென்னையில் வீடியோவின் பெரிய லாபம் இந்த அலைச்சல் மிச்சம். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-லேயே வந்துவிட்டது, ஆனால் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அப்படியேதான் இருக்கிறது.

இனி வீடு. ஒண்டுக்குடித்தன அறை எட்டுக்குப் பத்து அடிதான் என்றால் போனைக் குறுக்கே வைக்காமல் அறையின் நீளவாக்கில் வையுங்கள். ஆளுக்கும் போனுக்கும் குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும். ஸ்டூல் மேல் இடுப்பு உயரத்தில் வைத்து, பின்னால் ஒரு சொம்பை முட்டுக் கொடுத்தால் போதும். பேரப்பிள்ளை கையில் பிடித்தால் பாதி நேரம் மின்விசிறிதான் தெரியும். ஜன்னல் முதுகுப் பக்கம் வந்தால் படம் இருட்டாகிவிடும். புடவையும் நைட்டியும் முழங்காலை மறைத்துவிடுகின்றன. கால் உள்ளே சாய்கிறதா என்று பிசியோவுக்குத் தெரியவே தெரியாது. தளர்வான சல்வார் பேண்ட் நல்லது. டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும், ஆகவே தரைப் பயிற்சியைக் கட்டிலிலேயே செய்யட்டும்.

பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். எழுந்து உட்காரும் பயிற்சியில் அது பின்னால் நகரும், கால் விரியும். சுவரை ஒட்டிப் போடுங்கள், மர நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. வலி அதிகம் இருந்தால் போர்வையை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். உயரம் கூடக் கூட மூட்டின் மேல் சுமை குறையும். வாரங்கள் போகப் போக மடிப்பைக் குறைக்கலாம்.

வழக்கமாகத் தொடக்கத்தில் தருபவை: காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து 5 விநாடி அழுத்துதல் 10 முறை, நீட்டிய காலைத் தூக்குதல் 10 முறை, நாற்காலியிலிருந்து எழுதல் 8 முறை. எண்ணிக்கையை உங்கள் பிசியோ மாற்றுவார். மூச்சை அடக்குவதுதான் பலர் செய்யும் தவறு. வாய்விட்டு எண்ணச் சொன்னால் அது நின்றுவிடும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். மாத்திரைக்கும் டாக்டர்தான், பிசியோ எழுதித் தர முடியாது. படுக்கையோடு இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

தசை பலம் ஏறக் குறைந்தது ஆறு, எட்டு வாரம் பிடிக்கும், லீவு அதற்குள் முடிந்துவிடும். ஆகவே வீடியோ ஆப்பின் கணக்கை அம்மாவின் போன் எண்ணிலேயே தொடங்குங்கள், ஓடிபி உங்கள் வெளிநாட்டு எண்ணுக்கு வந்து நிற்க வேண்டாம். மாலை 6.30-க்கு வைத்தால் சிங்கப்பூரில் இரவு 9, லண்டனில் மதியம் 1 அல்லது 2, டொரண்டோவில் காலை 8 அல்லது 9. நீங்களும் அழைப்பில் சேரலாம். புறப்படும் முன் கைகளை மார்பில் கட்டியபடி 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். போனில் கேட்டால் "இப்ப தேவலப்பா" என்றுதான் சொல்வார்கள்.