ஜிம்மி பேஜின் ‘அவுட்ரைடர்’: 1,800 ரூபாய்க்கு ஒரு பழைய தட்டு

லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் கிடார்காரர் ஜிம்மி பேஜ் தனியாகப் போட்ட ஆல்பம் ‘அவுட்ரைடர்’. முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாட்டு அப்புறம். சென்ட்ரல் பக்கம் பழைய ரெக்கார்டு விற்கும் ஒருவரிடம் போன மாதம் எடுத்தது. 1,800 ரூபாய், ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. “சார், லெட் செப்பலின் ஆளு சார், மெட்ராஸ்ல வேற எங்கயும் கெடைக்காது” என்றார். கீறல் ஒன்றுகூட இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் மூன்று மெல்லிய கீறல்கள், உறைக்குள் நம் ஊர்ப் புழுக்கத்துக்கே உரிய வெள்ளைப் பூஞ்சை. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து, தூசி பறக்கக் கூடாது என்று ஃபேனை அணைத்துவிட்டு, வியர்வை தட்டில் சொட்டாமல் துடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பூஞ்சை போனது. கீறல் எங்கே போகும், முதல் பக்கம் முழுக்க டிக், டிக்.

இனி ஆல்பம். 1988-ல் கெஃபன் கம்பெனி வெளியிட்டது. ஒன்பது டிராக், மொத்தம் 39 நிமிடம்கூடத் தேறாது. அப்போது பேஜுக்கு வயது 44, கிடாரைக் கையில் எடுத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. 60-களின் தொடக்கத்தில் லண்டன் ஸ்டுடியோக்களில் யார் யார் பாட்டுக்கோ கூலிக்கு வாசித்தவர், நம் கோடம்பாக்கத்தில் காலையில் ஒரு தியேட்டர், மதியம் ஒரு தியேட்டர் என்று கால்ஷீட் கணக்கில் ஓடிய கிடார்காரர்களைப் போலத்தான். அப்புறம் யார்ட்பேர்ட்ஸ் என்ற குழு, 1968-ல் லெட் செப்பலின். 1980-ல் டிரம்மர் ஜான் போனம் இறந்ததும் கடையைக் கட்டினார்கள். நடுவில் 1982-ல் ஒரு படத்துக்கு இசை, பாடகர் பால் ராட்ஜர்ஸோடு ‘த ஃபர்ம்’ என்ற குழுவில் இரண்டு ஆல்பம். ஆக, இத்தனைக்கும் பிறகுதான் அட்டையில் தன் பெயரை மட்டும் போட்டு ஒரு பாட்டு ஆல்பம் வந்தது.

தயாரிப்பும் அவரே, ஸ்டுடியோவும் அவருடையதே. இங்கிலாந்தில் பெர்க்‌ஷையரில் குக்கம் என்ற ஊரில் ‘த சோல்’ என்று வைத்திருந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் இங்கே ரஹ்மான் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினார். சொந்த ஸ்டுடியோவில் மணிக்கணக்குக்கு வாடகை ஏறாது, இன்னொரு டேக் போகலாமா என்று யாரையும் கேட்க வேண்டாம். அது வரமாகவும் இருக்கும், வினையாகவும் முடியும்.

உண்மையில் இது இரட்டை ஆல்பமாக வந்திருக்க வேண்டியது. வேலை நடந்துகொண்டிருந்தபோது வீடு புகுந்து டெமோ டேப்புகளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியதும் புதிதாகப் போட்டதும் சேர்ந்ததுதான் நம் கையில் இருப்பது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் கோபம் பாதி குறையும்.

பாதிதான். முதல் இரண்டு பாட்டையும் ஜான் மைல்ஸ் பாடுகிறார். நல்ல குரல், ஆனால் ரேடியோவில் அந்தக் காலத்தில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வந்த குரல்தான். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, என்னவோ பேஜின் ரிஃப்தான், கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதன் மேல் நிற்கும் பாட்டுதான் சவசவ. நாலாவது டிராக்கில் பழைய கூட்டாளி, லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் வந்து பாடுகிறார், பதிலுக்கு அதே வருடம் வந்த பிளாண்டின் ஆல்பத்தில் பேஜ் வாசித்தார். சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி நடந்திருக்கிறது. ஆசையாக ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன், ‘தி ஒன்லி ஒன்’ ஜாலியாக ஓடி முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

டிரம்ஸ் பெரும்பாலும் ஜேசன் போனம், இறந்துபோன ஜானின் மகன். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பையன், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கிறான், குறை சொல்ல மனம் வரவில்லை. குறை பதிவில். 1971-ல் வந்த லெட் செப்பலின் ஆல்பத்துக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த ஒரு பாட்டில், அந்த வீட்டின் காற்றே அடிக்கிற மாதிரி இருக்கும். அதைத் தயாரித்த அதே பேஜ் இங்கே 80-களின் டப்பா எதிரொலிக்கு மாறிவிட்டார், டிரம்ஸ் ஏதோ தகர ஷெட்டில் அடித்தது போலக் கேட்கிறது.

எல்லாவற்றையும் தானே செய்தால் இப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, லெட் செப்பலின் ஆல்பங்களையும் தயாரித்தவர் இவரேதானே! அப்போது அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் இவர் மட்டத்து ஆட்கள். கச்சேரியில் மிருதங்கக்காரர் ஒரு இடத்தில் வம்புக்கு ஒரு கோர்வையைப் போட்டு இழுத்தால்தான் வித்வான் நிமிர்ந்து உட்காருவார், பக்கவாத்தியம் பவ்யமாகப் பின்னாலேயே வந்தால் ராகம் பாடிப் பாடித் தூங்கிவிட வேண்டியதுதான். குக்கம் ஸ்டுடியோவில் பவ்யம் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. இதே பேஜும் பிளாண்டும் 1972-ல் பம்பாய் வந்து, உள்ளூர் வாத்தியக்காரர்களை உட்கார வைத்துத் தங்கள் பாட்டு இரண்டைப் பதிவு செய்தார்கள், அது 2015-ல்தான் முறையாக வெளியானது. தபலாவோடு கேட்டால் ஆள் வேறு மாதிரி தெரிவார். அந்த ஆர்வத்தின் வாடைகூட இதில் இல்லை.

சரி, தட்டைத் திருப்புவோம். இரண்டாவது பக்கம்தான் சரக்கு. பாடுவது கிறிஸ் ஃபார்லோ, 1982 படத்துக்கும் பாடியவர், தொண்டையில் மணலைக் கொட்டி வைத்திருப்பார் போல. லியான் ரசல் எழுதிய ‘ஹம்மிங்பேர்ட்’ ஒன்றுதான் இந்த ஆல்பத்தில் கடன் வாங்கிய பாட்டு. அதில் பேஜ் அவசரப்படாமல் வாசிக்கிறார், அதனாலேயே பிடித்தது. ‘பிரிசன் புளூஸ்’ ஏழு நிமிடம். வரிகளை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடாதீர்கள், ஆனால் கிடார் இருக்கிறதே, ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து, விடாமல் அழ வைத்து, நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இறக்காமல் அரை நொடி காக்க வைத்து இறக்குகிறார். மற்ற எட்டு டிராக்கும் தொலைந்து இது ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் காசு செரித்திருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் இரண்டாவது பக்கத்தின் நாலு டிராக்கை மட்டும் கேளுங்கள், முதல் பக்கத்தில் ‘ரைட்ஸ் ஆஃப் வின்டர்’ என்ற பாட்டில்லாத டிராக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்பி தட்டு தேடுகிறவர்கள் 1,000 ரூபாய்க்கு மேல் தராதீர்கள், கடையில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

போன ஞாயிறு அக்கா பையன் வந்திருந்தான். விருகம்பாக்கத்தில் தன் அறையிலேயே லேப்டாப்பை வைத்து ஏதோ ஆல்பம் போடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘எமரால்ட் ஐஸ்’ ஓடியபோது போனைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, இதுல ரெண்டாவது கிடார் யாரு?” என்றான். ரெண்டும் ஒரே ஆள்தான்டா, மேல மேல போட்டிருக்கார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முதலிலிருந்து போடச் சொன்னான். எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைத்தேன், நல்லவேளை, அந்தப் பக்கத்தில் கீறல் இல்லை.