ஆத்தங்குடி லட்சுமி வீடு: உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய செட்டிநாட்டு வீடு

செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் பலர் நேராகக் கானாடுகாத்தான் அரண்மனைக்குப் போய், வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மாளிகை அது. உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. உள்ளே நடந்து பார்க்க வேண்டுமென்றால் ஆத்தங்குடி லட்சுமி வீடுதான் சரி. வாசலில் சிறு கட்டணம், சில்லறையோடு போங்கள்.

முகப்பைத் தாண்டியதும் அவசரப்படாமல் மேலே பாருங்கள். வண்ணம் தீட்டிய கூரையும் மரச் செதுக்கலும் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். அடுத்து வளவு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். இவ்வூர்ப் பக்கத்து வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது வழக்கம். நாலு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிவதால் மழைநீர் முற்றத்தில்தான் விழும். அதற்குப் பின்னால் பந்தி பரிமாறும் கட்டு, கடைசியில் அடுப்படி.

சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த மினுமினுப்பு அது. தொட்டுப் பார்த்துக் கறையாக்க வேண்டாம்.

காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் வெறுங்காலோடு முற்றத்தில் நிற்க முடியாது. இந்த வீடுகளில் குடும்ப விசேஷமும் படப்பிடிப்பும் நடப்பதுண்டு. முகூர்த்த நாளில் கிளம்பினால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் தரையில் பதிக்கும் தளக்கல் (டைல்) செய்யும் பட்டறைகள் உண்டு, தவறவிடாதீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையைக் கரணையால் அழுத்துவார்கள். காய்ந்தபின் சில நாள் தண்ணீரில் ஊறும். சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

வாங்குவதானால் உடைசலுக்குச் சில கற்கள் கூடுதலாகச் சொல்லுங்கள். மூலைதான் முதலில் சிதறும். பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள்: சிமெண்ட் அரிபட்டு மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும், போன மினுக்கு திரும்பாது.