டார்கெட் ஸ்டாண்டு: இரும்பு, பிவிசி, மூங்கில் மூன்றையும் செய்து பார்த்ததில்

மகள் ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளி நாட்களில் பயிற்சிக்கு வெளியூர் போய்வர நேரம் போதாது. அதனால் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பிலேயே பத்து மீட்டர் அளந்து இடம் ஒதுக்கினோம். இலக்குக்குப் பின்னால், கிணறு வெட்டியபோது கொட்டிய மண்மேடு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதற்கு அப்பால் வீடும் இல்லை, நடைபாதையும் இல்லை. இடம் சரி. இலக்கு அட்டையை எதில் மாட்டுவது என்பதற்குத்தான் மூன்று ஸ்டாண்டு செய்ய வேண்டியதாயிற்று.

பத்து மீட்டர் போட்டி விதிப்படி அட்டையின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். ரைபிள் அட்டை 80 மில்லிமீட்டர் சதுரம், உள்ளங்கை அளவுதான். அதில் பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஸ்டாண்டு லேசாக ஆடினாலும் பழகும் பிள்ளைக்குத் தன் தப்பு எது, காற்றின் தப்பு எது என்று தெரியாது. அதே சமயம் தோப்பில் மாடு மேயும் என்பதால் தினமும் மாலையில் அதைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைக்க வேண்டும், அதுவும் பன்னிரண்டு வயதுப் பெண் தனியாக.

முதலில் செய்தது இரும்பு. 25 மில்லிமீட்டர் எல் ஆங்கிளில் (எல் வடிவ இரும்புச் சட்டம்) வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தோம். 3 மில்லிமீட்டர் கனத்தில் அது மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். தூண், அடிக்கால், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து ஏழு மீட்டர் பிடித்தது. எட்டுக் கிலோவைத் தோப்புக்குள் தினமும் தூக்க அவளால் முடியவில்லை. ஆட்டம் என்பதே கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் ஒரு பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு, சட்டத்தில் பட்டு 'டங்'கென்று திரும்பி வந்தது. சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாகி அவள் காலடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு இரும்பை ஓரம் கட்டினேன்.

அடுத்தது ஒரு இன்ச் பிவிசி குழாய். ஹார்டுவேர் கடையில் குழாய்களை இணைக்கும் எல்போ, மூன்று குழாய் சேரும் டீ எல்லாம் வாங்கி, வீட்டிலேயே ரம்பத்தால் அறுத்து ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன். கைக்கு இறகு மாதிரி லேசு. காற்றுக்கு விழாமல் இருக்க அடிக்குழாயில் மணல் நிரப்பினால் போதும். பார்க்கவும் நன்றாக இருந்தது. இரண்டு மூன்று மாதம் ஓட்டினோம். சித்திரை வெயிலில் குறுக்குக் குழாய் நடுவில் தொய்ய ஆரம்பித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெல்லட் பட்டால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

ஸ்டாண்டு எதுவாக இருந்தாலும் அடி வாங்கத்தான் போகிறது. பழகுகிற பிள்ளை முதல் ஆறு மாதம் அட்டையை மட்டுமே சுடும் என்று எண்ணக் கூடாது. ஆகவே, அடி வாங்கிய பிறகு அதை எவ்வளவு சுலபமாகச் சரிசெய்யலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த பிவிசி பெல்லட் பட்டால் விரிசல் விட்டு, கூரான சில்லாகப் பெயர்கிறது. எங்களுக்கு அடி விழுந்தது ஒரு டீயில். சொல்யூஷன் (பிவிசி பசை) போட்டு ஒட்டிய டீயைக் கழற்ற முடியாது. அதில் சேரும் மூன்று குழாயையும் அறுக்க வேண்டும், அறுத்த பிறகு குழாயின் நீளம் பத்தாது, அதனால் குழாயும் புதிது. ஒரே ஒரு பெல்லட்டுக்காகப் பாதி ஸ்டாண்டைத் திரும்பச் செய்தேன். ஒட்டாமல் செருகி மட்டும் வைத்துப் பார்த்தால், தூக்கும்போதே கையோடு கழன்று வருகிறது.

மூங்கிலுக்கு வந்தது அப்புறம்தான். பட்டுப்புழு வளர்ப்புக்குச் சந்திரிகை (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு) பின்னிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது, "மூணு கால் போட்டுக் கட்டுப்பா. நாலு கால் எங்க கல்லு மேட்டுல ஒக்காரும்?" என்றார். அது உண்மை. மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் உட்காரும். சாரம் கட்ட மூங்கில் விற்கும் கடையில், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனாக மூன்று கம்பு வாங்கி, ஏழடிக்கு வெட்டினேன். வெட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினால் முனை மூடியிருக்கும், பிளக்காது. மேல்முனையைக் கணுவை ஒட்டி அதற்கு மேலே வெட்டினால் மழைத்தண்ணீர் கிண்ணம் மாதிரி தேங்காது.

கட்டுவதற்கு ஆணி வேண்டாம். அடித்தால் நெடுக்கப் பிளந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, இழுத்து இறுக்கிச் சுற்றினால் நைலான் கயிற்றைவிட நன்றாகப் பிடிக்கிறது. கணுவை ஒட்டிச் சுற்றினால் நழுவுவதும் இல்லை. முன்னால் இரண்டு கால், அவற்றில் ஒன்றரை அடிப் பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை) இரண்டைக் குறுக்காகக் கட்டினேன். பிளாச்சின் வழவழப்பான தோல் பின்பக்கமும் மெத்தென்ற உள்பக்கம் சுடுபவரைப் பார்த்தும் இருக்கட்டும். பெல்லட் பட்டால் பெரும்பாலும் அதிலேயே பதிந்து நின்றுவிடுகிறது. தோலில் பட்டால் மூங்கிலிலும் தெறிக்கும், ஆகவே கண்ணாடி கட்டாயம். அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைத் துணி கிளிப்பால் பிளாச்சில் மாட்டி, இலக்கை அதில் ஒட்டுகிறோம்.

ஒரு தப்பு செய்தேன். பின்காலை நட்ட நடுவில் நிறுத்தினேன். அட்டையைத் துளைத்த பெல்லட் எல்லாம் நேராக அந்தக் காலில் போய் இறங்கி, ஒரே மாதத்தில் நெஞ்சு உயரத்தில் நார்நாராகப் பிரிந்து ஒடிந்தது. ஆனால் அன்றைக்கே புதுக் கம்பு ஒன்றை வெட்டி, டியூபை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதோடு வேலை முடிந்தது. பத்து நிமிடம். பள்ளி விட்டு வந்தவள் வழக்கம்போலச் சுட ஆரம்பித்தாள். இப்போது பின்காலின் அடியை ஒன்றரைச் சாண் வலப்பக்கம் தள்ளி வைக்கிறோம். மேலே அது முன்காலின் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது.

மூங்கிலுக்கும் பராமரிப்பு உண்டு. வாங்கியவுடன் கட்டினால் பூச்சி துளைத்து, காலடியில் மஞ்சள் மாவு கொட்டும். எங்கள் முதல் கம்பு ஒன்று அப்படித்தான் உளுத்துப் போனது. சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் அந்தத் தொல்லை குறைகிறது. கரையானுக்காக அடிமுனையில் பழைய என்ஜின் ஆயில் தடவுகிறேன். கொட்டகையில் கிரானைட் கழிவுத் துண்டுகளின் மேல் நிறுத்துகிறேன். அந்தத் துண்டுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. ஆடிக்காற்றில் முக்காலி மூன்று முறை சாய்ந்தது. உச்சியிலிருந்து ஒரு மணல் பையைக் கயிற்றில் நடுவே தொங்கவிட்ட பிறகு சாயவில்லை.

இந்த மூங்கிலை நான் பார்த்தது இரண்டு மழைக்காலம்தான். ஐந்து வருடம் தாங்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நாங்கள் சுடுவதும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் மட்டும். இங்கே சொன்னதை அதற்கு மேற்பட்ட துப்பாக்கிக்கு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரைக்குக் கீழே, நகர்த்தவே தேவையில்லாத நிரந்தர இடம் என்றால் நானே இரும்பைத்தான் வைப்பேன், முன்பக்கம் முழுக்கப் பலகை அடித்து. பிவிசியைத் திரும்ப வாங்க மாட்டேன்.

இந்த வருட ஆடிக்கு முன்னால் மாற்றுவதற்கு இரண்டு கம்பு கிணற்றடித் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை டியூபை அவளே சுற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.