ஆட்டோ சங்கர் வழக்கைத் தீர்ப்பிலிருந்தே படிக்க: இந்தியன் கானூன் தளம் எதுவரை கைகொடுக்கும்?

ஆறு கொலைகளுக்காகத் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டியது, சாராயம் கடத்தியது, பாலியல் தொழில் நடத்தியது, 1990-ல் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டது எல்லாம் நடந்தவைதான். ஆனால் முப்பது வருடத்தில் அவற்றோடு எவ்வளவோ சேர்ந்துவிட்டது. எது நீதிமன்றம் ஏற்றது, எது வாய்வழி வந்தது என்று பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது இந்தியன் கானூன் இணையதளம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், தீர்ப்பை முழுசாகப் படிக்கலாம்.

தேடும்போது முதலில் இடிப்பது பெயர். தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடலும் ஆங்கிலத்தில்தான். 'ஆட்டோ சங்கர்' என்று மட்டும் போட்டால் கொலை வழக்கைவிடத் தனியுரிமை வழக்குகளே அதிகம் வந்து குவியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீதிமன்ற ஏட்டில் அவர் 'சங்கர் என்கிற கௌரி சங்கர்'. கௌரியை ஆங்கிலத்தில் 'ஏ, யு' போட்டும் எழுதியிருப்பார்கள், 'ஓ, டபிள்யூ' போட்டும் எழுதியிருப்பார்கள். செங்கல்பட்டுக்கு 'செங்கல்பெட்', 'சிங்கிள்புட்' என்ற பழைய எழுத்துக்கூட்டல்களும் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுச் சலிப்பதைவிட, மாற்றுச் சொற்களுக்கு நடுவே 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' என்ற இணைப்பைக் கடைசி எழுத்தை இரட்டித்துப் (ORR) போடுங்கள். 'ஆண்ட்' (ANDD), 'நாட்' (NOTT) இரண்டுக்கும் இதே முறைதான். மூன்றும் பெரிய எழுத்தில், இருபுறமும் இடைவெளி விட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தளம் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

அதைவிடச் சுருக்கமான வழி, தேதியைக் கட்டுவது. உச்ச நீதிமன்றம் என்று வடிகட்டி, 1994 ஏப்ரல் 1 முதல் 30 வரை வரம்பு வைத்து 'சங்கர்' என்று தேடினால் போதும். அந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது என்றால், இன்னொரு தீர்ப்பிலிருந்து: 1994 அக்டோபர் 7-ல் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. உண்மையில் முதலில் படிக்க வேண்டியது அதுதான். வழக்கின் எலும்புக்கூடு அதன் தொடக்கப் பத்திகளிலேயே கிடைக்கிறது. ஆறு கொலைகள், செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31-ல் மரண தண்டனை, 1992 ஜூலை 17-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 1994 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது, கருணை மனு நிலுவையில்.

சிறையில் சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுமார் 300 பக்கச் சுயசரிதையை ராஜகோபால் ஆசிரியராக இருந்த நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததுதான் அந்த வழக்கு. அதிகாரிகளுடன் இருந்த தொடர்புகள் அதில் வெளிவரும் என்பதால், சிறைத்துறை ஐ.ஜி. 1994 ஜூன் 15-ல் வெளியிடக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். அப்படியொரு நூலைத் தான் எழுதவே இல்லை என்று கைதி மறுப்பதாகவும் அதில் இருந்தது. சங்கரோ அவர் மனைவியோ வழக்கில் தரப்பினர் இல்லை. ஆகவே எழுதினாரா இல்லையா என்பதற்குள் நீதிபதி ஜீவன் ரெட்டி போகவில்லை. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்குச் சங்கரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டினால் தனியுரிமையை மீறியதாகலாம், ஆனால் அரசு முன்கூட்டியே தடை போட முடியாது என்று முடித்தார். கொள்கைகள் 26-ஆம் பத்தியில் தொகுக்கப்பட்டுள்ளன. தனியுரிமை பற்றிப் பேசும் தீர்ப்புகள் இதை இன்றுவரை மேற்கோள் காட்டுவதால்தான் தேடலில் அவை முண்டியடிக்கின்றன. 'யார் மேற்கோள் காட்டினார்கள்' என்ற இணைப்பைத் தொட்டு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொன்ன 2017 தீர்ப்புவரை நடந்து போகலாம். இந்தத் தளத்தின் மிகச் சிறந்த வசதி இதுதான்.

கொலை வழக்கின் தீர்ப்பு அவ்வளவு இலகுவில்லை. ஏ-1 என்றால் முதல் எதிரி, பி.டபிள்யூ. அரசுத் தரப்பு சாட்சி, எக்ஸ்.பி. அரசுத் தரப்பு ஆவணம், எம்.ஓ. சான்றுப் பொருள். இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு உட்காருங்கள். மண்டையோட்டின் படத்தை உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படத்தின் மேல் பொருத்தி அடையாளம் காணும் முறை பேசப்படும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்தக் காலத் தீர்ப்புகளின் பிரதியில் இரண்டு பொறிகள் உண்டு. மேலே 'ஹெட்நோட்' என்று வருவது தொகுப்பாளரின் சுருக்கம். நீதிபதியின் சொல் அல்ல, அதை மேற்கோள் காட்டக் கூடாது. வாக்கியத்தின் நடுவே திடீரென ஒரு மூன்றிலக்க எண் நின்றால், அது அச்சுத் தொகுப்பின் பக்க எண். சாட்சி எண்ணோ சட்டப் பிரிவோ என்று குழம்பி அப்படியே நகலெடுத்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளை வெளியிடும் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் பி.டி.எஃப். எடுத்து ஒப்பிடுங்கள். அதுவும் இலவசம். தேடல் சற்று மந்தம், பக்க அமைப்பு நம்பகம். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே உண்டு.

சாட்சிகள் முதன்முதலாகக் கூண்டில் ஏறிப் பேசிய 1991 செங்கல்பட்டுத் தீர்ப்பு இந்தியன் கானூனில் கிடைக்காது. பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கருணை மனுக் கோப்பு தீர்ப்பே அல்ல, அதனால் இல்லை. 1995 ஏப்ரல் 27 காலை சேலம் மத்தியச் சிறையில் நடந்த தூக்கையும் இந்தத் தளம் சொல்லாது. அதற்கு அந்த வாரத்து நாளிதழ்களை நூலகத்தில் புரட்டத்தான் வேண்டும்.